பதினோரு நிமிட பேட்டரியும் குழித்துறைப் பயணமும்

அஞ்சுகிராமத்துக்காரனுக்குக் குழித்துறை வெளிநாடு. பாஸ்போர்ட் கேட்க மாட்டார்கள், அவ்வளவுதான். எங்கள் பக்கம் பனையும் காற்றாலையும் காற்றும். அங்கே ரப்பரும் பலாவும் மழையும். நாங்கள் தண்ணீர் கேட்டால் அவர்கள் வெள்ளம் தருவார்கள். எழுபத்து மூன்று வயதில் நான் அந்த வெளிநாட்டுக்கு மூன்று நாள் போய்வந்தேன். போனது ஒரு திருட்டைத் திருப்பிக் கொடுக்க. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். என் சிநேகிதர் எபனேசர் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இருவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேப்பமரமும் ஒரு சந்தும்தான். போன வருடம் இருவரும் நாகர்கோவிலில் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே மாதிரி இரண்டு லேப்டாப் வாங்கினோம். ஏதோ ஒரு கம்பெனி பயன்படுத்திவிட்டு ஒதுக்கிய அலுவலக லேப்டாப்புகள். கருங்கல் நிறம், கருங்கல் எடை. சாவிகளுக்கு நடுவே குங்குமப் பொட்டு மாதிரி ஒரு சிவப்புக் குமிழ். கைரேகை பார்த்துத் திறக்கும் வசதியும் உண்டு. என் விரலில் ரேகை தேய்ந்துவிட்டதால் அது என்னை ஆளாகவே மதிப்பதில்லை. தினமும் காலையில் திறந்ததும் "நல்வரவு, சுரேஷ்" என்று வரவேற்கும். சுரேஷ் யாரென்று எனக்குத் தெரியாது. ஒரு வருடமாக அவர் பெயரில்தான் வாழ்கிறேன்.

இந்த ரக லேப்டாப்பில் ஒரு சௌகரியம், பேட்டரியைக் கழற்றலாம். பின்புறம் இரண்டு தாழ்ப்பாள்கள். இரண்டையும் கட்டைவிரலால் தள்ளினால் பேட்டரி கையோடு வந்துவிடும். மூன்று வினாடி வேலை. மனிதனைக் கெடுக்க மூன்று வினாடி போதும்.

வாங்கிய புதிதில் என்னுடையது ஐந்து மணிநேரம் நின்றது. பத்து நாள் கழித்து ஒரு காலையில் மின் இணைப்பைப் பிடுங்கினேன். பதினோரு நிமிடத்தில் அணைந்தது. அதுவும் மரியாதையாக அணையவில்லை. நூறு என்று காட்டும், அறுபத்தொன்று என்று காட்டும், அப்புறம் ஏழு, அப்புறம் இருட்டு. கழற்றிப் பார்த்தேன். அடியில் ஆணியால் கீறிய மாதிரி ஒரு சிறிய அம்புக்குறி. எந்தப் பக்கம் செருக வேண்டும் என்று கம்பெனி போட்ட அடையாளமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே எபனேசருக்கு மின்கலத்தின் முதுமையைப் பற்றி முக்கால் மணிநேரம் வகுப்பு எடுத்தேன். அவர் தலையைக் குனிந்தபடி மிகப் பணிவாகக் கேட்டார். அவ்வளவு பணிவான மாணவன் எனக்குக் கல்லூரியில் வாய்த்ததில்லை.

"உமக்கது எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"முதல்ல மோசமாத்தான் இருந்துது வே. பொறவு சரியாயிட்டு. ஜெபந்தான்."

ஜெபத்தின் மேல் எனக்குப் பொறாமை வந்தது. அடுத்த வாரம் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். வேலி தாண்டிய ஆட்டைப் பிடிக்க அவர் வெளியே ஓடினார். இரண்டு லேப்டாப்பும் மேசைமேல் அருகருகே இருந்தன. ஆடு பிடிபடுவதற்குள் என் பதினோரு நிமிடம் அவரிடம் போய், அவருடைய ஐந்து மணிநேரம் என்னிடம் வந்துவிட்டது.

அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து லேப்டாப்பைச் சுவரில் செருகியே வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் பொய் சொல்லித் தப்பித்திருப்பேன். நான் அய்யாவழிக்காரன். எங்கள் வழிபாட்டிடமான தாங்கலில் சிலை கிடையாது, நிலைக்கண்ணாடிதான். தலைப்பாகை கட்டி முன்னால் போய் நின்றால் நம் முகம்தான் தெரியும். வருடம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கே ஒரு பேட்டரித் திருடன் தலைப்பாகையோடு நின்றுகொண்டிருந்தான்.

இந்த நிலையில்தான் எபனேசர் ஒருநாள் வந்து சொன்னார்: "வே, ஜெயாவுக்க வீட்டுக்குப் போணும். நீரும் வாரும்."

ஜெயா அவருடைய மகள். குழித்துறைக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்துக்குள் வீடு. கணவர் ராணுவத்தில் எங்கோ வடக்கே. ரோட்டிலிருந்து வீட்டுக்கு வர ஒரே ஒரு தடம். அந்தத் தடம் தன் நிலத்தில் ஓடுகிறது என்று பக்கத்து நிலக்காரன் சுனில் மதில் கட்ட ஆள் பேசிவிட்டான். சுனில் மஸ்கட்டில் வேலை பார்ப்பவன். விடுப்பு முடிந்து வியாழன் சாயங்காலம் விமானம் ஏற வேண்டும். முறைப்படி மனு கொடுத்து அளப்பதற்குள் மதில் எழும்பிவிடும். ஜெயா சண்டை போட்டதில் ஒரே ஒரு வாக்குக் கொடுத்தான்: "உனக்க அப்பா பண்டு அளந்த ஆளாக்குமே. புதன்கிழமை அவிய வந்து எல்லைக் கல்லக் காட்டட்டும். காட்டினா தடம் உனக்கு. காட்டலன்னா வியாழக்கிழம ராவில வானம் தோண்டும்." ராவில என்றால் அங்கே காலையில் என்று அர்த்தம், வானம் என்றால் அஸ்திவாரக் குழி.

எபனேசர் வேலையில் இருந்த காலத்தில் அந்தப் பகுதியை அளந்து வரைந்த படங்களின் நகல் அவரிடம் இருந்தது. காகிதத்தைக் கறையான் தின்பதற்குள் லேப்டாப்பில் ஏற்றிவிட்டார். அவருக்குக் கண்ணின் நடுவில் புகை விழுந்திருக்கிறது. படத்தைப் பெரிய திரையில் பத்து மடங்கு பெரிதாக்கினால்தான் கோடு தெரியும். செல்போனில் பார்த்தால், "கொசுவுக்கு ஜாதகம் பாத்த மாதிரி இருக்கு வே" என்பார். ஆக, ரப்பர் மரங்களுக்கு நடுவே, மின்சாரமே இல்லாத இடத்தில், அந்த லேப்டாப் குறைந்தது இரண்டு மணிநேரம் ஓட வேண்டும். அதிலிருப்பதோ என் பதினோரு நிமிடம். மகளின் வாசலை நான் திருடி வைத்திருந்தேன்.

"உம்ம லேப்டாப்பையும் எடுத்துக்கிடும். ரெண்டு இருந்தா நல்லதுல்லா" என்றார் எபனேசர். என்மேல் எத்தனை நம்பிக்கை என்று மனம் உருகியது. போகிற வழியில், அவருக்குத் தெரியாமல், அவருடைய பேட்டரியை அவரிடமே சேர்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஒப்புக்கொள்கிற தைரியம் மட்டும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பஸ். இருவரும் பையை மடியில் வைத்து அணைத்துக்கொண்டோம். நடத்துனர் வந்து, "பாட்டா, அத எஞ்சின் பெட்டி மேல வையுங்க, ஆளு நிக்க எடம் வேணும்" என்றார். சூடு பட்டால் பேட்டரிக்கு ஆயுசு குறையும் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் அடுத்த ஆளுக்குச் சீட்டுக் கிழித்தார். எஞ்சின் பெட்டிமேல் ஏற்கெனவே ஒரு பலாப்பழம் இருந்தது. அதற்கு இடம் கொடுத்தவர் எங்களை மன்னித்து விட்டுவிட்டார்.

நாகர்கோவிலில் பஸ் மாறினோம். பின்னிருக்கையில் மேற்குப் பக்கத்துப் பெண்கள் இருவர். அவர்கள் பேசியதை எங்கள் தமிழில் பெயர்த்தால் இப்படி வரும்:

"இந்த ரெண்டு கிழவனும் மடியில என்னத்த வச்சிருக்கான்? பெத்த பிள்ளையை வச்ச மாதிரி."

"வட்டிக்குக் கொடுக்கிறவனா இருக்கும். முகத்தைப் பார்த்தாலே தெரியலையா, கள்ளமுழி."

எபனேசருக்குக் காது நன்றாகக் கேட்கும். அவரும் என்னைப் போலவே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதை அப்போது நான் கவனித்தேன், அர்த்தம் புரியவில்லை.

தக்கலையில் இறங்கி, பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார் எபனேசர். அவர் முப்பது தடவை பார்த்த அரண்மனை. முதலில் டீக்கடை. பழம்பொரி தலையணை மாதிரி இருந்தது. எங்கள் ஊரில் இந்த பஜ்ஜிக்கு ஏத்தன் வாழைப்பழத்தை மூன்றாகக் கீறுவார்கள், இங்கே தாராளம். தின்றுவிட்டு வாசலுக்கு வந்ததும் ஒரு சிக்கல். கருங்கல் எடையுள்ள இரண்டு பைகளோடு அந்தக் குறுகிய மரப்படிகளில் ஏற முடியாது. ஒருவர் பைகளோடு வெளியே இருக்க வேண்டும்.

"நீரு மொதல்ல போய்ப் பாத்துட்டு வாரும். நான் இருக்கேன்" என்றார்.

"நீரு மூத்தவரு. நீரே போம்" என்றேன்.

"ஒரு மாசம் மூப்பு ஒரு மூப்பாவே?"

"ஒரு மாசம்னாலும் மூப்பு மூப்புதான்."

இந்த மரியாதை கால்மணிநேரம் நடந்தது. பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்த ஒரு ஆசிரியை எங்களைச் சுட்டிக்காட்டி, "பாத்தியளா, பெரியவங்க எப்படி விட்டுக்கொடுக்கிறாங்க" என்று அவர்களுக்குச் சொன்னார். கடைசியில் எபனேசர் குடையை என்னிடம் கொடுத்துவிட்டு மனமில்லாமல் உள்ளே போனார். அந்தக் குடையின் கைப்பிடியில் ஒரு அம்பு கீறியிருக்கும். அவருடைய கண்ணாடிக்கூடு, தண்ணீர்ச் செம்பு, செருப்பின் உட்புறம் எல்லாவற்றிலும் உண்டு. முப்பத்தைந்து வருடம் அளவுக்கல்லில் அம்பு வெட்டி வெட்டிப் பழகிய கை.

அவர் தலை மறைந்ததும் இரண்டு பையையும் திறந்தேன். நல்ல பேட்டரியை அவருடையதில் போட்டேன். பதினோரு நிமிடத்தை என்னுடையதில் போட்டுக்கொண்டேன். தாழ்ப்பாள் எந்தப் பக்கம் தள்ளும் என்பது மறந்துபோய் மூன்று வினாடி வேலைக்கு மூன்று நிமிடம் ஆயிற்று. திருடும்போது நினைவிருந்தது திருப்பிக் கொடுக்கும்போது ஏன் மறக்கிறது என்பதற்கு இயற்பியலில் பதில் இல்லை.

அவர் திரும்பி வந்ததும் நான் போனேன். அரண்மனையை அன்றுதான் முதல்முறை பார்த்த மாதிரி இருந்தது. கறுத்த தரையில் என் முகம் தெரிந்தது. சும்மா சொல்லக்கூடாது, பார்க்கும்படியாகவே இருந்தது. மணிமேடையின் பழைய கடிகாரம் கயிற்றில் தொங்கும் எடைகள் மெல்ல இறங்குவதால் ஓடுகிறது என்று வழிகாட்டி சொன்னார். பேட்டரியே கிடையாது. அதைக் கட்டிய ஆளுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். பேட்டரி இல்லாவிட்டால் திருட்டும் இல்லை.

வெளியே வந்தபோது எபனேசரும் தெளிவாக இருந்தார். பயணத்தில் முதல்முறையாகச் சிரித்தார். "வாரும் வே, ஜெயா மீன்கறி வச்சிருப்பா" என்று என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டார். நல்ல மனிதர் என்று நினைத்தேன்.

மார்த்தாண்டம் தாண்டிக் குழித்துறைப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. கீழே குமரி மாவட்டத்துத் தாமிரபரணி செம்மண் நிறத்தில் நிறைந்து போனது. அங்கிருந்து ஆட்டோ. தோட்டத்து ஏற்றத்தில் சக்கரம் சேற்றில் புதைந்தது.

"சாரே, ஒந்நு எறங்குங்க. பையில எந்தா, கல்லா?" என்றார் ஓட்டுநர்.

"லேப்டாப்பு."

"இத்தற வயசிலயா?" என்றபடி பைகளை மட்டும் வண்டியில் வைத்துக்கொண்டு எங்களைத் தள்ளச் சொன்னார். தள்ளினோம்.

ஜெயா மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் மீன்கறியும் வைத்திருந்தாள். எங்கள் பக்கம் மீன்கறி சோற்றுக்கு, இங்கே கிழங்குக்கு. கிழங்கின் மேல் கறியை ஊற்றிப் பிசைந்தபோது எதைத் திருடினோம், யாரிடம் திருடினோம் என்பதெல்லாம் மறந்துபோயிற்று. அன்று மாலை இரண்டு லேப்டாப்பையும் கூடத்தில் பக்கத்துப் பக்கத்தில் சுவரில் செருகினோம். இரண்டும் நூறு காட்டின. ஜெயா மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை. "மதிலு வந்தா நான் பால்பாத்திரத்த எடுத்துட்டு ஆத்தங்கர வழியா சுத்திப் போணும் மாமா" என்றாள் என்னிடம். "மழைக்காலத்துல அந்த வழியும் கெடையாது."

புதன்கிழமை காலை புட்டு, பயறு, பப்படம். பிறகு ரோட்டோரத்துக்கு நடந்தோம். அளவு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்காத தூரம். சுனில் நாடாவும் கடப்பாரையுமாக நின்றான். முப்பத்தைந்து வயதிருக்கும், சட்டைப்பையில் இரண்டு போன்.

"சாரே, இத எப்படி மரத்துக்கெடையில கரெண்டு இல்லாம ஓட்டுவிய?"

"எனக்கது அஞ்சு மணிக்கூர் நிக்கும் மக்கா" என்றார் எபனேசர். அந்த வார்த்தையின் உறுதி எனக்குப் பெருமையாக இருந்தது. அது என் கைங்கரியம் அல்லவா.

அந்த ரக லேப்டாப்பை முழுக்க மலர்த்தினால் தாம்பாளம் மாதிரி தட்டையாகிவிடும். சீர் கொண்டுபோகிற மாதிரி இரு கையிலும் ஏந்திக்கொண்டு எபனேசர் நடந்தார். நான் குடை பிடித்தேன். மரத்திலிருந்து சொட்டிய மழைநீர் சாவிகளுக்குள் இறங்கி அடிப்பக்க ஓட்டை வழியாக ஒழுகியது, லேப்டாப் கண்டுகொள்ளவில்லை. முதல் கல் ரோட்டோரத்திலேயே இருந்தது. இரண்டாவது கல்லை, ரப்பர் பால் வடிக்கிற சிரட்டைகளைக் குவித்து வைத்திருந்த இடத்தில் தோண்டச் சொன்னார். கடப்பாரை டக்கென்றது. ஜெயா மூச்சு விட்டாள்.

மூன்றாவது கல்லுக்குப் படத்தைப் பெரிதாக்கினார். திரை அணைந்தது.

பொத்தானை அழுத்தினார். கணினி "நல்வரவு" வரைக்கும் வந்தது. எந்தச் சுரேஷையும் வரவேற்பதற்குள் மறுபடி இருட்டு. கடிகாரத்தைப் பார்த்தேன். பதினோரு நிமிடம்.

எபனேசர் முகம் வெளிறிவிட்டது. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். நேற்று என் கையால் போட்ட ஐந்து மணிநேரம் எங்கே போயிற்று?

"கழிஞ்சதா சாரே?" என்றான் சுனில். கேலியாகச் சொல்லவில்லை, அதுதான் வலித்தது. "அப்ப ராவில ஆளு வரும். நான் பறஞ்சதுதான்."

"அப்பா" என்றாள் ஜெயா.

"எனக்க பேட்டரியப் போட்டுப் பாரும்" என்று என் பையைத் திறந்தேன். "ஆனா அதுல பதினோரு நிமிஷந்தான் நிக்கும்."

"அதுல எப்படிவே பதினோரு நிமிஷம்? அதுலதான—" என்றவர் வாயை மூடிக்கொண்டார்.

இரண்டு பேட்டரியையும் கழற்றி வெட்டிய மரத்தின் அடிக்கட்டைமேல் கவிழ்த்து வைத்தேன். அவருடைய லேப்டாப்பிலிருந்து வந்ததில் அம்பு இருந்தது. என்னுடையதிலிருந்து வந்ததில் இல்லை. பக்கத்திலேயே அவருடைய குடை சாய்ந்திருந்தது. கைப்பிடியில் அதே அம்பு, அதே மூன்று கீறல். முப்பது வருடம் பாடம் நடத்தியவனுக்கு அந்த இடத்தில்தான் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. ஆனாலும் என் பங்கை நான் முதலில் சொல்லியாக வேண்டும்.

"எபனேசர், போன வருசம் உம்ம பேட்டரியத் திருடினவன் நான்தான். நீரு ஆடு பிடிக்கப் போயிருந்தப்ப. நேத்து அரமனை வாசல்ல வச்சு உம்ம பையில திருப்பி வச்சேன்."

ரப்பர் தோப்பில் பறவைச் சத்தமே இருக்காது என்பார்கள். உண்மை.

எபனேசர் அம்பை விரலால் தடவினார். "இது கடையில வச்சே நான் கீறினது வே. எனக்கு விழுந்ததே இந்தப் பாழாப்போனதுதான். ஒரு வாரம் பாத்தேன். நீரு அஞ்சு மணிக்கூரு, அஞ்சு மணிக்கூருன்னு தெருவெல்லாம் சொல்லிட்டு நடந்தீரு. ஒருநாள் உம்ம வீட்டுல காப்பி போட உள்ள போனீரு." அம்பிலிருந்து விரலை எடுத்தார். "மொதல்ல திருடினவன் நான். பொறவு அது எங்கிட்ட நிக்காம உம்மகிட்டயே திரும்பிப் போயிட்டுன்னதும் கர்த்தர் தந்த தண்டனைன்னு வாய மூடிட்டேன்."

"அப்ப நேத்து?"

"நேத்து நீரு அரமனைக்குள்ள போனப்ப, நல்லது உம்ம பையிலதான இருக்குன்னு மறுபடியும் எடுத்தேன். அதுக்குத்தான் உம்மையும் உம்ம லேப்டாப்பையும் கூட்டிட்டு வந்தேன். மகளுக்காவ."

நான் கொடுத்ததை அவரே எடுத்து என் பையில் வைத்திருக்கிறார். என் பொருளை நான் திருடி, ஒரு வருடம் அழுது, அவருக்குத் தானம் கொடுத்திருக்கிறேன்.

சுனில் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுச் சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தான். "ஜெயாக்கா, இந்த ரெண்டு பேரயுமா கல்லு காட்ட விளிச்சிய?" ஜெயாவுக்கு ஒரு நிமிடம் அழுகை, பிறகு அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அம்பு இல்லாததைச் செருகினேன். திரை வந்தது. இன்னும் நாலு மணி ஐம்பது நிமிடம் ஓடும் என்றது. மூன்றாவது கல், நாலாவது கல், எல்லாம் கடப்பாரைக்குக் கிடைத்தன. தடம் பொதுத்தடம். ஒன்பதடி அகலம், படத்தில் உள்ளபடியே. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஜெயா நிறுத்தத்தான் சொன்னாள். எபனேசர் அவள் வீடு வரைக்கும் ஏந்திக்கொண்டே வந்து, கொல்லைப்புறத்தில் நின்று திரையில் மூக்கு உரசப் பார்த்தார்.

"ஜெயா, உனக்க துவைகல்லு சுனிலுக்க மண்ணுல ரெண்டடி நிக்குது."

"அத இப்ப யாரு கேட்டா அப்பா?"

"நேத்தா இருந்தா நானும் சொல்லியிருக்க மாட்டேன் மக்கா."

சுனில் துவைகல்லைப் பார்த்தான், எங்கள் இருவரையும் பார்த்தான். "அது அங்கயே கெடக்கட்டு சாரே. மதில நான் அந்த எடத்துல வளச்சுக் கெட்டிக்கிடுதேன். தடத்த விட்டுட்டுத்தான் கெட்டுவேன்." பிறகு என் பையை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, தன் இரண்டு போனையும் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

வியாழக்கிழமை திரும்பினோம். மதில்காரர்கள் தடத்துக்கு அப்பால் கயிறு பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறினோம். முந்தின நாள் மாலையே எபனேசர் அம்பு இல்லாத பேட்டரியை என் லேப்டாப்பில் போட்டு, தாழ்ப்பாளைத் தள்ளிப் பூட்டி, என் கையில் கொடுத்திருந்தார். "இது உம்மது" என்றார். கணக்குப்படி சரிதான். ஆனால் எனக்கு அது சரியாகப் படவில்லை. என்னுடையதைத்தான் திருடினேன் என்பது அன்று தெரிந்த செய்தி. திருடியபோது அவருடையது என்று நம்பித்தானே திருடினேன். அவராவது மகளுக்காக என்று ஒரு காரணம் சொன்னார். என்னிடம் அதுகூட இல்லை.

தக்கலையில் பஸ் பத்து நிமிடம் நின்றது. எனக்கு இறங்க அவசியம் எதுவும் இல்லை. இறங்கினேன். இரண்டு பைகளையும் அவர் மடியில் வைத்துவிட்டு, "பாத்துக்கிடும்" என்று மட்டும் சொன்னேன். டீக்கடையில் நின்று ஒரு பழம்பொரியை மிக மெதுவாகத் தின்றேன். பஸ்ஸைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏறி உட்கார்ந்தபோது எபனேசர் ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தார். என் பையைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அஞ்சுகிராமம் வரைக்கும் மழையைப் பற்றிப் பேசினோம்.

இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. லேப்டாப்பைச் சுவரில் செருகியே வைத்திருக்கிறேன். பேட்டரியைக் கழற்றவில்லை, அம்பு இருக்கிறதா என்று பார்க்கவும் இல்லை. இந்தக் கட்டுரையும் அதில் அடித்ததுதான். என்றாவது மின்சாரம் போகும். அன்று உள்ளே இருப்பது எதுவென்று தெரிந்துவிடும். ஐந்து மணிநேரம் என்றால் அவர் பையைத் தொடவில்லை என்று அர்த்தம். பதினோரு நிமிடம் என்றால், சுருக்கமாக எழுதக் கற்றுக்கொள்வேன்.